அந்தோனியாருக்கு முதுகு வரைந்தவர்

கித்தேரி டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர் தொம்மை அண்ணன். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அது. ரகசியம் சொன்னாலும் பேருந்து நிலையம் வரை கேட்கும். அன்றைக்கும் தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"சார், டீச்சர் காலைல போயிட்டா. நாளைக்குச் சாயந்தரம் அடக்கம். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்னு சொல்லியிருக்கா."

"கண்டிப்பாப் பேசுதேன் அண்ணே."

"அஞ்சு நிமிசத்துக்கு மேல பேச விடாதீயன்னும் சொல்லியிருக்கா."

கட்டிய மனைவியை அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஊருக்கே டீச்சராக இருந்தவர் அவருக்கும் டீச்சர்தான். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் நான் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டேன். மிச்சத்தை இங்கே, நம் பள்ளியின் பழைய மாணவர் மலரில் எழுதுகிறேன். எழுத்துக்கு அவர் வரம்பு எதுவும் விதித்துவிட்டுப் போகவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் தவளை அறுத்தவர்கள். அவர்களுக்கு அவரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் விலங்கியல் ஆசிரியை, நான் வரலாறு. பிறந்த ஊர் கூடங்குளம் பக்கத்துக் கடற்கரை. அப்பா கட்டுமரக்காரர். மில்லில் வேலை பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கடலிலிருந்து மலையடிவாரத்துக்கு வந்தவர். வார நாட்களில் கரப்பான் பூச்சி வரைவார். சனிக்கிழமைகளில் புனிதர்களை வரைவார். இரண்டுக்கும் ஒரே விதிமுறைதான்.

அந்த விதிமுறை நம் எல்லாருக்கும் மனப்பாடம். பென்சில் கூராக இருக்க வேண்டும். கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும். நிழல் தீட்டக் கூடாது. தேவையானால் புள்ளி வைக்கலாம். பாகம் குறிக்கும் கோடுகள் வலப்பக்கம் போக வேண்டும், ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஓவியம் யாரிடமும் படிக்காத டீச்சர், செய்முறை நோட்டின் இந்தச் சட்டங்களை அப்படியே விண்ணகத்துக்கும் நீட்டித்தார். அதனால் அவருடைய புனிதர்கள் எவருக்கும் நிழல் கிடையாது. கன்னத்தின் குழிவெல்லாம் புள்ளிகள். தூரத்தில் நின்று பார்த்தால் தெய்வீகம். கிட்டே போனால் அம்மைத் தழும்பு.

நான் முதலில் பார்த்தது லூசியம்மாளை. கண் நோய்க்கு வேண்டிக்கொள்ளப்படும் புனிதை. இரண்டு கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பது வழக்கம். கடைப் படங்களில் அந்தக் கண்கள் இரண்டு கோலிக்குண்டு போல இருக்கும். டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. கண்விழி என்றால் பின்னால் பார்வை நரம்பு வேண்டும், அசைக்கும் தசைகள் வேண்டும். அத்தனையையும் வரைந்திருந்தார். பாகங்களின் பெயரை மட்டும் எழுதவில்லை. பக்தியின் பொருட்டு விட்டுக்கொடுத்ததாகச் சொன்னார்.

படத்தை அப்போதைய பங்குச்சாமியாரிடம் கொண்டுபோனார். அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு டீச்சர். கோயில்ல மாட்டினா பிள்ளைங்க பயப்படும். பள்ளிக்கூடத்துல மாட்டுங்க, பாடத்துக்கு உதவும்" என்றார். தலைமையாசிரியரிடம் கொண்டுவந்தார். "கண்ணு பிரமாதம் டீச்சர். ஆனா மேல சாமி இருக்கு. கோயில்ல மாட்டுங்க, அதான் மரியாதை" என்றார் அவர். லூசியம்மாள் கொஞ்ச காலம் இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே டீச்சரின் ஸ்கூட்டரிலேயே வசித்தார்.

ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது, மாட்ட இடம் கிடைக்காதது வருத்தமா என்று கேட்டேன்.

"மாட்டுதது பெரிசில்ல சார்" என்றார். "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நான் வரஞ்ச படத்து முன்னாடி முழங்கால் போட்டு எதையாவது கேக்கணும். அம்புட்டுத்தான். கெடைக்குதா இல்லையாங்கது அந்தப் புனிதர் பாடு."

"படம் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவளே?"

"நல்லாருக்குன்னு சொல்லுதவன் நின்னுக்கிட்டுத்தான சொல்லுதான்?"

அவருடைய கலைக்கொள்கை முழுவதும் இந்த இரண்டு பதில்களில் அடங்கிவிட்டது. நானும் அன்றிலிருந்து அவருடைய படங்களைப் பாராட்டுவதை நிறுத்திக்கொண்டேன். சைவ வீட்டில் பிறந்து, எந்தக் கோயிலிலும் கைகட்டி வேடிக்கை பார்த்தே பழகிய என்னால் அவருக்கு வேறு உதவி செய்யவும் முடியாது.

அடுத்தது இராயப்பர். இப்போதைய வேதாகமத்தில் பேதுரு என்று இருப்பவர். வலை கிழிய மீன் பிடித்த காட்சி. வலையில் சீலா, பாறை, ஊளி மீன்கள் துள்ளின. செதில் செதிலாக, துடுப்பு துடுப்பாக. அதற்குள் பங்குக்கு வேறு சாமியார் வந்திருந்தார். ரோமில் படித்தவர்.

"டீச்சர், கலிலேயா நன்னீர் ஏரி" என்றார். "இதெல்லாம் கடல் மீன்."

"தெரியும் சாமி."

"தெரிஞ்சுமா வரைஞ்சீங்க?"

"கெண்டையப் பாத்து எங்க அப்பா ஆச்சரியப்பட மாட்டாரு சாமி. இந்த மீனப் பாத்தாத்தான் வாயப் பொளந்து நிப்பாரு."

எனக்குத் தெரிந்து, அறிவியலுக்கு விரோதமாக அவர் தெரிந்தே செய்த ஒரே காரியம் அது. அந்தப் படம் கோயில் வாசலில் ஒரு வாரம் இருந்தது. நல்ல கூட்டம். தொம்மை அண்ணன் பக்கத்தில் நின்று, எந்த மீனில் குழம்பு வைக்கலாம், எதை வறுக்கலாம் என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். எல்லாருக்கும் எச்சில் ஊறியது. ஒருவருக்கும் முழங்கால் மடங்கவில்லை. டீச்சர் படத்தைத் திரும்ப எடுத்துவந்து வீட்டில் மாட்டினார். ஆணி அடித்தது தொம்மை அண்ணன். மனைவியின் கலைக்கு அவர் நேரடியாகச் செய்த தொண்டு ஆணி அடிப்பது. செய்த விமர்சனமும் ஆணி பற்றியதாகவே இருக்கும். "இந்தச் சட்டம் கனம் சாஸ்தி டீச்சர். சுவர் தாங்காது" என்பார்.

பிறகுதான் கொடி வந்தது.

அந்தோனியார் திருவிழா ஜூன் மாதம். முதல் நாள் கொடியேற்றம். அந்தோனியார் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கும் படத்தைத் துணியில் தீட்டி, மந்திரித்து, ஊர்வலமாகச் சுற்றி வந்து கொடிமரத்தில் ஏற்றுவார்கள். ஏற்றிய கொடியைத் திருவிழா முடிவதற்குள் இறக்கும் வழக்கம் இல்லை. இறக்கினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். கொடியை வழக்கமாக வரைந்து கொடுத்தவர் அந்த ஆண்டு மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார். பழைய கொடியைப் பெட்டியில் எலி கடித்திருந்தது. வேறு வழியில்லாத நிலைமையில்தான் பங்குப் பேரவைச் செயலர் மிக்கேல் அண்ணாச்சி டீச்சரின் வீட்டு வாசலுக்கு வந்தார். மில்லில் மேஸ்திரியாக இருந்து, ஓய்வுக்குப் பிறகு பங்கை மேய்க்கத் தொடங்கியவர்.

"டீச்சர், நரம்பு, தசை ஒண்ணும் வேண்டாம். அந்தோனியாரு அந்தோனியாரா இருந்தாப் போதும்" என்று கேட்டுக்கொண்டார்.

டீச்சர் சம்மதித்தார். மந்திரிக்கப்படப் போகும் அவருடைய முதல் படம் அது. பள்ளிக்கு விடுப்பு எடுத்து வரைந்தார். அவர் விடுப்பு எடுத்ததைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தலைமையாசிரியர் நலம் விசாரிக்கப் போய்விட்டார்.

கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு. இரண்டு துணிகளில் ஒரே படத்தை வரைந்து, முதுகோடு முதுகு சேர்த்துத் தைப்பதுதான் நடைமுறை. அதை டீச்சருக்கு ஒருவரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று. டீச்சரோ ஆயுள் முழுவதும் எந்த உயிரையும் இரண்டு விதமாக வரையக் கற்றுக்கொடுத்தவர். வயிற்றுப்புறத் தோற்றம், முதுகுப்புறத் தோற்றம். ஆகவே துணியின் ஒரு பக்கம் அந்தோனியாரை முன்னாலிருந்து வரைந்தார். மறுபக்கம் அதே அந்தோனியாரைப் பின்னாலிருந்து வரைந்தார். உச்சி மழித்த தலை, அங்கியின் மடிப்பு, இடுப்புக் கயிறு, செருப்பின் பின்வார் எல்லாம் சரியாக இருந்தன.

தட்டில் மடித்து வைத்து மந்திரித்தபோது மேல்பக்கம் மட்டுமே தெரிந்தது. ஊர்வலத்திலும் அப்படியே. கொடி உச்சிக்குப் போய் விரிந்தபோதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது.

இங்கே காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று திசை மாறாது. கொடி கிழக்கே பார்த்து ஆணி அடித்தது போல நீட்டிக்கொண்டு நிற்கும். கோயிலுக்கு வடக்கே ஒரு தெரு, தெற்கே ஒரு தெரு. வடக்குத் தெரு அந்தோனியாரின் முகத்தைப் பார்த்தது. தெற்குத் தெரு முதுகைப் பார்த்தது. திருவிழா முடியும்வரை அதைத்தான் பார்க்க வேண்டும். மிக்கேல் அண்ணாச்சியின் வீடு தெற்குத் தெருவில்.

"ஏ டீச்சர், என்ன இது? அந்தோனியாரு எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்காரு?"

"முதுகு இல்லாம எப்படி அண்ணாச்சி நிப்பாரு?"

"அது எங்க பக்கந்தான் இருக்கணுமா?"

"காத்து அப்படி அடிக்கு. நான் என்ன செய்ய?"

வடக்குத் தெருக்காரர் ஒருவர், "உங்களப் பாக்கப் பிடிக்கல போல வே" என்றார் பைய. பையச் சொன்னாலும் அது இரண்டு தெருவுக்கும் கேட்டுவிட்டது.

அன்று இரவே தெற்குத் தெரு கூடி, கொடியை மாற்றாவிட்டால் சப்பரம் தூக்க ஆள் வராது, அசனத்துக்கும் வரி கிடையாது என்று முடிவு செய்தது. அசனம் என்பது திருவிழாவில் ஊருக்கே போடும் சாப்பாடு. அதைப் புறக்கணிப்பது சின்ன விஷயம் இல்லை. கொடியை இறக்கினால் ஊருக்கு ஆகாது. இறக்காவிட்டால் தெற்குத் தெருவுக்கு ஆகாது. பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் காற்று மாற வேண்டுமென்று தனியாகச் செபித்ததாகக் கேள்வி. மறுநாள் அது இன்னும் பலமாக அடித்தது.

டீச்சர் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "இறக்கிருவாவளோ சார்?" என்று மட்டும் கேட்டார். இறக்கிவிட்டால் இன்னொரு முறை தூரிகை கொடுக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நான் எனக்குத் தெரிந்த வரலாற்றிலிருந்து, இதைவிட அற்பக் காரணங்களுக்காகப் பிளந்த சபைகளை எடுத்துச் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

காப்பாற்றியது மிக்கேல் அண்ணாச்சியின் மருமகள். குற்றத்துக்குச் சாட்சியம் வேண்டுமென்று மாமனார் சொன்னதால், கைப்பேசியில் கொடியைப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். பெரிதாக்கியபோது அந்தோனியாரின் தோளுக்கு மேலே ஒரு சின்ன முகம் தெரிந்தது. குழந்தை இயேசு. தாடையைத் தோளில் அழுத்திக்கொண்டு, பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நேராகத் தெற்குத் தெருவை.

டீச்சரின் தர்க்கம் பிழையற்றது. குழந்தை ஒரு பக்கம்தான் பார்க்க முடியும். பின்பக்கத்தில் முகம் இருந்தால் முன்பக்கத்தில் பிடரிதான் இருக்கும். அப்படியே வரைந்திருந்தார். அந்தோனியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிய பிள்ளையை வடக்குத் தெரு இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பக்தியின் பாவனை என்று நினைத்துக்கொண்டது.

மிக்கேல் அண்ணாச்சி நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வடக்குத் தெரு டீக்கடைக்குப் போனார். "அந்தோனியாரு உங்களுக்கு. நல்லா வச்சுக்கிடுங்க. எங்களுக்குச் சேசுபாலன் போதும். ரெண்டு பேருல யாரு பெரியவருன்னு ஞான உபதேசம் படிச்ச சின்னப் பிள்ளைகிட்டக் கேட்டுப் பாருங்க வே."

சாயங்காலமே வடக்குத் தெரு சாமியாரைப் பார்க்க வந்தது, ஆண்டவர் தங்களுக்குப் பிடரியைக் காட்டுகிறார் என்று. சாமியாருக்கு உயிர் வந்தது. ஒரு தெரு குறைபட்டால் அது பிரச்சினை. இரண்டு தெருவும் சரிசமமாகக் குறைபட்டால் அதற்குப் பெயர் சமாதானம். கொடி பறந்தது, சப்பரம் தூக்கினார்கள், அசனத்துக்கு வந்த கூட்டத்தில் சோறு போதாமல் போனது.

திட்டமிட்டுத்தான் அப்படி வரைந்தீர்களா என்று டீச்சரைக் கேட்டேன். "தூக்கி வச்சிருக்குத பிள்ள பின்னாலதான் பாக்கும். நீங்க பாபநாசம் பஸ்ல போனதே இல்லையா சார்?" என்றார்.

அந்தத் திருவிழா நாட்களில் அவர் தினமும் மாலையில் தெற்குத் தெரு முனையில் குடையோடு நின்றார். சாரல் நின்ற பிறகும் நின்றார். வருகிறவர்கள் போகிறவர்கள் கொடியைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "இதுதானே நீங்க கேட்டது?" என்றேன்.

"அது கொடிக்குப் போடுத சிலுவை. எலி கடிச்ச பழைய கொடிய ஏத்தியிருந்தாலும் போடுவாவ. படத்துக்குப் போட்டாவளான்னு எப்படித் தெரியும்?" ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கொடி இல்லாத சோதனையை அவர் ஏற்கத் தயாராக இல்லை.

ஒரு மாலை, இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண் ஒருத்தி கொடியைச் சுட்டிக் காட்டினாள். பிள்ளை மேலே பார்த்துக் கையாட்டியது. வெகு நேரம் ஆட்டியது. டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு நேரே சாமியாரிடம் போனார்.

"சாமி, கையாட்டுதது செபத்துல சேத்தியா?"

சாமியார் யோசித்தார். "விண்ணகத்துல செல்லும்னுதான் நினைக்கேன் டீச்சர். ஆனா நீங்க தேடுத கணக்குல வராது."

நேர்மையான பதில் என்று டீச்சர் அவரைக் கடைசிவரை மெச்சினார். அடுத்த ஆண்டு, கொடியின் இரு பக்கமும் ஒரே படம் இருக்க வேண்டும், அதைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று பேரவை தீர்மானம் போட்டது. இரண்டு தெருவும் ஒருமனதாக ஆதரித்த தீர்மானம் அது ஒன்றுதான்.

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் வரைந்தார். பிறகு நோய் வந்தது. பாளையங்கோட்டையில் மருத்துவமனையில் இருந்தபோது பார்க்கப் போனேன். கட்டிலுக்கு எதிரே ஒரு அந்தோனியார் படம். செபக்குழுவினர் கொண்டுவந்து கொடுத்தது. கணினியே தானாக வரைகிறதே, அந்த வகை. ஒளி வெள்ளம், பளிங்கு முகம், எங்கு பார்த்தாலும் நிழல்.

"கைய எண்ணிப் பாருங்க சார்" என்றார் டீச்சர். எண்ணினேன். ஆறு விரல்.

"வீட்டுல உங்க படம் இத்தன இருக்கு. அதுல ஒண்ணக் கொண்டாரச் சொல்லக் கூடாதா?"

"வேண்டாம் சார். என் படத்தப் பாத்தா எங்க திருத்தணும்னுதான் கண்ணு போவுது. செபம் பாதியில நின்னுருது. இதுல என் பொறுப்பு ஒண்ணும் இல்ல. ஆறு விரல் இருந்தா என்ன, நாம கேக்குதது அவருக்குக் கேக்காமலா போவும்?" பிறகு அந்த ஆறு விரலைப் பார்த்தபடியே, "வரஞ்சவளுக்குத் தன் படம் ஆவாது. அது வேற யாருக்காவது ஆவணும். இன்னும் ஒருத்தரும் ஆப்பிடல" என்றார்.

அதுதான் நான் அவரிடம் கடைசியாகக் கேட்ட பேச்சு.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். வீட்டில் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சொல்லிக்கொண்டு புறப்படலாம் என்று தொம்மை அண்ணனைத் தேடினேன். உள்ளறையில் இருந்தார். சுவரில் நான் பார்த்திராத ஒரு சூசையப்பர். நோய்க்கு முன்னால் டீச்சர் கடைசியாக வரைந்தது. நல்ல மரணத்துக்கு வேண்டிக்கொள்ளப்படும் புனிதர். மூட்டு தேய்ந்து, தரையில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்த தொம்மை அண்ணன், அந்தப் படத்தின் முன்னால் இரண்டு முழங்காலும் தரையில் பதிய நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. குரல் மட்டும் வெளியே வரவில்லை. அவர் சத்தமில்லாமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இது கட்டின பொண்டாட்டிக்குப் போட்ட முழங்கால், படத்துக்கு இல்லை என்று தள்ளியிருப்பார். தொம்மை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். கேட்கக் கூடாத கேள்விதான். டீச்சருக்காகக் கேட்டேன்.

"அண்ணே, உள்ள யாருகிட்ட வேண்டிக்கிட்டீங்க? டீச்சர்கிட்டயா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சூசையப்பருகிட்ட சார். டீச்சருகிட்ட நான் எதுக்கு முழங்கால் போடுதேன்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து போட்டதில்ல."

"என்ன கேட்டீங்க?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது."

விடைபெற்றுக்கொண்டு பேருந்து ஏறினேன்.

டீச்சர் தம் படம் எதையும் எனக்குத் தரவில்லை, நானும் கேட்டதில்லை. அவர் காத்திருந்த முடிவு மட்டும், அவரிடம் சொல்ல வழியில்லாமல், என்னிடம் தங்கிவிட்டது. அவரை அறிந்த நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிடைத்துவிட்டார்.